பாடப்பட்டதா?

பிஸ்கட் டின் ஏழு,
ஹார்லிக்ஸ் பாட்டில் பதினொன்று,
அரிசிச் சாக்கு ஒன்று, அதிலும் பாதி.
ராகபிந்து மெல்லிசைக் குழுவில்
இருபத்தெட்டு வருஷம் மைக் பிடித்த
ஆவுடையப்பன் சேர்த்தது இவ்வளவுதான்.

கொடைக்குக் கொடை
மேடைக்குக் கீழிருந்து நீண்ட கைகள்
தந்துவிட்டுப் போன சீட்டுகள்.
சிகரெட் அட்டையின் உள்பக்கம்,
பத்தமடை பஸ் டிக்கெட்,
கோயில் வரி ரசீது.
முக்கூடலில் பீடி சுற்றும் பெண்கள் ஒன்பது பேர்
இலையிலேயே எழுதிக் கேட்டார்கள் ஒரு காதல் பாட்டு.
இலை இப்போது தொட்டால் உதிரும்.

மகள் வாங்கியிருப்பது மூன்றாம் மாடி.
"பரண் கெடையாதுப்பா" என்றாள்.
"அதுவா நானா" என்று சங்கரவடிவு கேட்டிருந்தால்
லேசாகப் போயிருக்கும்.
அவள் டின்களை ஈரத்துணியால் துடைத்து
வரிசையாக வைத்துவிட்டு
"முடிவு பண்ணுங்க" என்று சொல்லி
உலை வைக்கப் போய்விட்டாள்.

பழைய பேப்பர்காரர் தூக்கிப் பார்த்தார்.
டின்னுக்கு விலை உண்டாம்,
உள்ளே கிடப்பதற்கு இல்லையாம்.
சென்னையிலிருந்து ஒருவர் போனில்,
"பெரிய ஆள் கையெழுத்து ஏதும் இருக்கா?"
"இருக்கு. களக்காடு சைக்கிள் கடை செல்லையா."
வைத்துவிட்டார்.

பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து
பெனிட்டா வந்தாள், கையுறையும் மடிக்கணினியுமாக.
ஊர். வருஷம். எழுதிய பொருள். பெயர்.
கடைசிக் கட்டம்: பாடப்பட்டதா?
மூன்று நாள் உட்கார்ந்தோம்.
பாடினோம்.
பாடினோம்.
மழை, பாடல.
கரண்ட் போச்சு.
பாடினோம், ரெண்டு தடவ, கல்லெறிக்குப் பயந்து.
திசையன்விளை, மஞ்சள் தாவணிக்காக:
"அந்தப் பேர மையடிச்சிரும்மா,
அவளுக்குப் பேரன் பேத்தி இருக்கும்."

நாலாம் நாள், பதினோராவது பாட்டிலின் அடியில்
கோடு போட்ட அரைத்தாள்.
அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.
அதனால்தான் அந்தப் பாட்டிலைக் கடைசியில் வைத்தேன்.

'ஐயா, வடக்குத் தெரு கடைசி வீடு.
அம்மா மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கா.
எங்க வாசல்ல கட்டுன குழாய மட்டும்
கழத்தச் சொல்லுங்க.'

மானூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்.
எண்பத்தேழு, சித்திரை.
கூட்ட நேரம், படிக்காமல் பையில் திணித்தேன்.
அடுத்து வந்தது துள்ளல் பாட்டு,
நான்தான் அறிவித்தேன், விசில் பறந்தது.
விடிந்து, டீக்கடையில்,
சில்லறை தேடியபோது படித்தேன்.
கிழித்துப்போடக் கை வரவில்லை.
திரும்பிப் போய் அந்த வாசலில் நிற்கக் கால் வரவில்லை.
அதன் பிறகு எந்தச் சீட்டையும்
எறிந்ததில்லை.

பெனிட்டா கையுறையைக் கழற்றினாள்.
"இத நீங்களே வச்சுக்கிடுங்க சார்,
பட்டியல்ல சேக்க வேண்டாம்."

நல்ல பிள்ளை. வழி விட்டாள்.
நானும் ஒரு நிமிஷம்
சட்டைப்பை வரை கொண்டுபோனேன்.
மற்றதெல்லாம் பாடுகிறவர்களுக்கு வந்தவை,
என் கை வழியாகப் போனவை.
இது ஒன்றுதான் எனக்கென்று வந்தது.

"சேரும்மா" என்றேன்.
ஊர் சொன்னேன். வருஷம் சொன்னேன்.
பெயர்: எழுதவில்லை.
பாடப்பட்டதா?
"குழாய் கழத்தலன்னு அடி."
"அந்தக் கட்டத்துல
ஆமா, இல்ல, ரெண்டுதான் சார் வரும்."
"அப்ப கட்டத்தப் பெருசாக்கு."

சாயந்திரம் அட்டைப் பெட்டிகள் வேனில் ஏறின.
காலி டின்களையும் டிரைவர் தூக்கப் போக
சங்கரவடிவு வாசலை மறித்தாள்:
"அது இங்க கெடக்கட்டும்.
புது வீட்ல முறுக்குப் போட்டு வைக்க
என்னத்த வச்சிருக்கேன்?"